மூன்று மாத உடற்பயிற்சியில் கொலஸ்ட்ரால் எவ்வளவு இறங்கும்? நடை மட்டும் போதுமா?

புதுநடை:
வணக்கம். ரிப்போர்ட் எண்களை அப்படியே தருகிறேன். ஆண், வயது 44, எடை 78 கிலோ. 12 மணி நேரம் வெறும் வயிற்றில் எடுத்த லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்): மொத்த கொலஸ்ட்ரால் 238, கெட்டது எனப்படும் எல்டிஎல் 158, நல்லது எனப்படும் ஹெச்டிஎல் 38, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210 (எல்லாம் மி.கி./டெ.லி.). சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றும் சரியாக இருக்கின்றன. புகை, மது இல்லை. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் பார்த்துவிட்டு மறுபடி டெஸ்ட் எடுப்போம் என்பது டாக்டரின் முடிவு. உணவுக்குத் தனியாக ஆலோசனை கிடைத்துவிட்டது, அதை இங்கே விட்டுவிடலாம்.

தெரிய வேண்டியது இவ்வளவுதான். உடற்பயிற்சியால் இந்த நான்கு எண்களில் எது எவ்வளவு நகரும்? நடை போதுமா, ஓட வேண்டுமா, எடை தூக்க வேண்டுமா? வாரத்துக்கு எத்தனை நிமிடம், எந்த வேகம்? மறு டெஸ்டுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

---

நாடித்துடிப்பு:
முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் மனம் உடைந்து நடையை நிறுத்துகிறார்கள். உடற்பயிற்சி நான்கு எண்களையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கும். ஹெச்டிஎல் கொஞ்சம் ஏறும். எல்டிஎல் மிகக் குறைவாகத்தான் அசையும், எடை குறையாவிட்டால் பலருக்கு அசையவே அசையாது.

காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரில் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைடை உடைத்து, கொழுப்பு அமிலமாகத் தசைக்குள் அனுப்புவது அதன் வேலை. தசை உழைத்தால் சில மணி நேரத்தில் இந்த நொதி கூடும், ஓரிரு நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ட்ரைகிளிசரைடு ஏற்றிவந்த துகள் உடையும்போது அதன் மேலோட்டுப் பொருள்களில் ஒரு பகுதி ஹெச்டிஎல்லோடு போய்ச் சேருகிறது. ட்ரைகிளிசரைடு குறைந்தால் ஹெச்டிஎல் ஏறுவது இதனால்தான். எல்டிஎல் கதை வேறு. அதை ரத்தத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் கல்லீரலின் ஏற்பிகள், தசைக்கு அதில் பெரிய பங்கில்லை. நடந்தால் கல்லீரல் ஏற்பிகள் திடீரென்று பெருகிவிடாது. அவற்றைக் கூட்டுவது நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும் உணவும், தேவைப்பட்டால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும்.

எண்ணாகச் சொன்னால், 2007-ல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசலில் ஹெச்டிஎல் சராசரியாக 2.5 மி.கி. ஏறியது. அந்த ஏற்றம் தென்படவே வாரத்துக்குக் குறைந்தது 120 நிமிடம், அல்லது 900 கலோரி அளவு உழைப்பு தேவைப்பட்டது. அதே அலசலில் ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் செய்தார்கள் என்பதற்குத்தான் அதிகத் தொடர்பு இருந்தது. ஒவ்வொரு 10 நிமிடக் கூடுதலுக்கும் ஹெச்டிஎல் சுமார் 1.4 மி.கி. கூடியது. ஆகவே நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டாமல் 35, 40 நிமிடம் ஒரே மூச்சில் நடப்பது உங்கள் 38-க்கு நல்லது. எல்டிஎல்லில் சராசரி இறக்கம் ஒற்றை இலக்க மி.கி. தான்.

அப்படியானால் எல்டிஎல்லுக்கு நடை பயனில்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், உட்கார்ந்தே வாழ்ந்த, எடை கூடியவர்களைப் பல மாதம் பயிற்சி செய்ய வைத்தார்கள். எல்டிஎல்லின் மொத்த அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அதிகக் கெடுதல் என்று கருதப்படும் சிறிய, அடர்த்தியான எல்டிஎல் துகள்கள் குறைந்தன, துகளின் சராசரி அளவு பெரிதானது. சாதாரண லிப்பிட் புரொஃபைல் இதைக் காட்டாது. வேகத்தைவிட மொத்த அளவுதான் அதிகம் பலன் தந்தது என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. அதிகப் பலன் கண்ட குழு வாரத்துக்கு 32 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமமான உழைப்பைச் செய்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது சின்ன அளவில்லை.

எனவே மூன்று மாதம் கழித்து எல்டிஎல் கட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லைக் கழித்தால் வருவது ஹெச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். உங்களுக்கு இப்போது 238 − 38 = 200. அதைக் குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு, அடுத்த ரிப்போர்ட்டில் மொத்தம் 226, ஹெச்டிஎல் 41, ட்ரைகிளிசரைடு 150 என்று வந்தால் எல்டிஎல் 155 என்று அச்சாகும். மூன்றே புள்ளி, மூன்று மாதம் வீண் என்று தோன்றும். ஆனால் ஹெச்டிஎல் அல்லாதது 185. பதினைந்து இறங்கியிருக்கிறது.

---

வியர்வைத்துளி:
மேலே சொன்ன 900 கலோரியை உங்க எடைக்குப் போட்டுக் காட்டுறேன். கணக்கு ரொம்ப எளிது: மெட் மதிப்பு (சும்மா உட்கார்ந்திருக்கறதைவிட எத்தனை மடங்கு உழைப்புங்கற எண்) × எடை (கிலோ) × மணி நேரம். மணிக்கு 5.6 கி.மீ. வேக நடைக்கு மெட் 4.3. அப்படின்னா 4.3 × 78 × 0.5, அரை மணிக்குச் சுமார் 168 கலோரி. வாரத்துக்கு 160 நிமிடம் நடந்தா 900 வந்துடும். அதே நடையை மணிக்கு 4 கி.மீ.ன்னு ஆற அமர நடந்தா மெட் 3 தான், 230 நிமிடம் தேவைப்படும். மணிக்கு 8 கி.மீ. மெது ஓட்டம்னா மெட் 8.3, 83 நிமிடத்துல முடிஞ்சுடும். ஓட்டம் மாயம் எதுவும் செய்யல, நேரத்தை மிச்சம் பிடிக்குது, அவ்வளவுதான். 78 கிலோவில் பழக்கமில்லாத முழங்காலோட ஓட ஆரம்பிச்சு மூணாவது வாரம் உட்கார்ந்துடறதைவிட, வேக நடை நல்லது.

வேகம் சரியான்னு பார்க்க மூணு வழி. ஒண்ணு, அடி எண்ணுவது. நிமிடத்துக்கு 100 அடி வந்தா மிதமான உழைப்பு, 130-ஐத் தொட்டா கடுமை. 15 விநாடி எண்ணி 25-க்குக் குறையாம இருந்தாப் போதும். ரெண்டு, பேச்சு. முழு வாக்கியம் பேச முடியணும், பாட முடியக் கூடாது. மூணு, இதயத்துடிப்பு. அதிகபட்சத் துடிப்புக்கு 208 − (0.7 × வயது) போடுங்க, உங்களுக்கு 177. அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது 113-லிருந்து 135 வரை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடறவங்க இந்த மூணாவது வழியை நம்பக் கூடாது, மருந்து துடிப்பை அடக்கி வெச்சிருக்கும். அவங்க பேச்சை வெச்சே பார்க்கட்டும்.

12 வாரத்துக்கு இப்படிப் போங்க. முதல் ரெண்டு வாரம் 20 நிமிடம், வாரம் 5 நாள். அதுக்கப்புறம் வாரத்துக்கு 5 நிமிடம் ஏத்துங்க. மூணாவது வாரம் 25, நாலாவது 30, ஆறாவது வாரம் 40. இது எல்லாம் வேக நடை நிமிடம் மட்டும். முன்னால 5 நிமிடம் மெதுவா, பின்னால 5 நிமிடம் மெதுவா நடக்கறதைக் கணக்குல சேர்க்காதீங்க. ஆறாவது வாரத்துல வாரம் 200 நிமிடம் ஆயிடும், 150-லிருந்து 300 நிமிடம்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வரம்புக்குள்ள இது வசதியா உட்காருது. ஏழாவது வாரத்துலேர்ந்து அஞ்சு நாள்ல ரெண்டு நாளை மட்டும் மாத்துங்க: 3 நிமிடம் முடிஞ்ச அளவு வேகம், 3 நிமிடம் சாதாரணம், இப்படி அஞ்சு தடவை, மீதி பத்து நிமிடம் வழக்கமான வேக நடை. ஓடப் பிடிக்காதவங்க வேகத்துக்குப் பதிலா ஏற்றம் வெச்சுக்கலாம், ட்ரெட்மில்லில் 3 முதல் 5 சதவீதம்.

எங்கே கெடுதுன்னா:

ட்ரெட்மில் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறது. திரை காட்டற கலோரி அப்படியே இருக்கும், கால் செய்யற வேலை குறைஞ்சுடும். பிடிக்காம நடக்க முடியலைன்னா வேகம் அதிகம், குறைங்க.

ரெண்டாவது, திங்கள் முதல் வெள்ளி வரை ஒண்ணும் செய்யாம சனி ஞாயிறு ரெண்டு ரெண்டு மணி நேரம். மொத்த நிமிடம் சரியா வந்தாலும், அந்த நொதி ஓரிரு நாள்ல இறங்கிடுதுன்னு மேலேயே சொல்லியிருக்கார். அடுத்தடுத்து ரெண்டு நாளுக்கு மேல விடாதீங்க.

மூணாவதுதான் பெரிசு. காலைல 40 நிமிடம் நடந்துட்டு, மீதி நாள் முழுக்க நாற்காலி. நாலு நாள் சில ஆயிரம் அடியோட, பெரும்பாலும் உட்கார வெச்சு, அப்புறம் ஒரு மணி நேரம் ஓட வெச்சுப் பார்த்த ஆய்வு இருக்கு. மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம் ட்ரைகிளிசரைடு குறையவே இல்லை. ஓட்டத்தோட பலனை உட்கார்ந்தது தின்னுடுச்சு. அதனால அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிடம் நடங்க, போன் வந்தா நின்னுக்கிட்டே பேசுங்க.

செலவான 168 கலோரியை ஒரு சின்ன நொறுக்குத் தீனியில் திருப்பி ஏத்திடலாம். அப்படி ஏத்திட்டா ட்ரைகிளிசரைடு இறக்கமும் சேர்ந்து சுருங்கும். காலையா மாலையான்னு கேட்கறவங்களுக்கு: எது நிக்குமோ அது. மாலை நடைக்கு ஒரு சின்ன லாபம் உண்டு, மறுநாள் காலை சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் ட்ரைகிளிசரைடு அடங்கியே இருக்கும்.

---

சோதனைக்குழாய்:
மறு டெஸ்ட் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. பலர் பயிற்சியைச் சரியாகச் செய்துவிட்டு, ரத்தம் கொடுக்கும் முறையில் தவறிவிடுகிறார்கள்.

ரத்தம் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் கடுமையான பயிற்சி வேண்டாம். முந்தின மாலை ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டு காலையில் வந்தால் ட்ரைகிளிசரைடு அந்த ஒரு நடையாலேயே இறங்கித் தெரியும். அது மூன்று மாதப் பலன் அல்ல. அதைவிட முக்கியம், கடைசிப் பயிற்சிக்கும் டெஸ்டுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பது. அதே ஆய்வகம், அதே காலை நேரம், அதே 12 மணி நேரப் பட்டினி. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

நேராக நடந்துவந்து கையை நீட்டாதீர்கள். நிற்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்கி ரத்தம் சற்று அடர்த்தியாகும். படுத்திருப்பவருக்கும் நின்றிருப்பவருக்கும் கொலஸ்ட்ரால் அளவில் பத்து சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். ஐந்து நிமிடமாவது உட்கார்ந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும் அளவு கூடும்.

ஒரே ஆளுக்கு, எந்த மாற்றமும் செய்யாமலே, நாளுக்கு நாள் எல்டிஎல் சுமார் 8 சதவீதமும் ட்ரைகிளிசரைடு சுமார் 20 சதவீதமும் ஏறி இறங்கும். உங்கள் 158 அடுத்த முறை 150 ஆனாலோ 166 ஆனாலோ அது இயல்பான அலைவுக்குள்தான். முடிவெடுக்கும் கட்டத்தில் ஒன்றிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

இன்னொன்று, உங்கள் ரிப்போர்ட்டில் எல்டிஎல் நேரடியாக அளந்ததல்ல, கணக்குப் போட்டது. 238 − 38 − (210 ÷ 5) = 158, அச்சடித்தாற்போல் பொருந்துகிறது. 1972-ல் வந்த ஃப்ரீட்வால்டு சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் செல்லாது. அடுத்த முறை வேறு ஆய்வகம் நேரடி முறையில் அளந்தால் எண் மாறும், இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

காய்ச்சல் வந்து தேறிய கையோடு டெஸ்ட் எடுத்தால் எல்டிஎல்லும் ஹெச்டிஎல்லும் பொய்யாகக் குறைந்து காட்டும். சில வாரம் தள்ளிப் போடுங்கள். எடை இறங்கிக்கொண்டே இருக்கும் சமயத்திலும் ஹெச்டிஎல் தற்காலிகமாகக் குறையலாம். எடை ஓரிடத்தில் நின்ற பிறகுதான் ஏறும். 12-ஆவது வாரத்தில் ஹெச்டிஎல் 36 என்று வந்து, எடை 5 கிலோ இறங்கியிருந்தால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

---

புதுநடை:
மூவருக்கும் நன்றி. 200 என்ற எண்ணைக் குறித்துவைத்துவிட்டேன். மீதமிருப்பது இரண்டு. எடைப் பயிற்சி தேவையா, அதை நடைக்குப் பதிலாகச் செய்யலாமா? மூன்று மாதம் கழித்து டாக்டர் ஸ்டாட்டின் எழுதினால் பயிற்சியை என்ன செய்வது? தசைவலி வரும் என்கிறார்களே.

---

மூட்டும்தசையும்:
பதிலாக வேண்டாம், கூடவே செய்யுங்கள். எடைப் பயிற்சி தனியாக லிப்பிட் எண்களில் தரும் மாற்றம் சிறியது. ஆனால் ட்ரைகிளிசரைடை எரிப்பது தசைதான். எடை குறைக்கும் காலத்தில் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையாமல் காப்பது இந்தப் பயிற்சி.

வாரம் இரண்டு நாள், நடுவில் 48 மணி நேர இடைவெளி. மூன்றாவது வாரத்திலிருந்து ஆரம்பியுங்கள், நடை முதலில் காலில் பழகட்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், சுவரில் அல்லது மேசை விளிம்பில் புஷ் அப், ரப்பர் பட்டையை இழுக்கும் ரோயிங், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, குதிகால் உயர்த்துவது, டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குவது. ஆறும் சேர்ந்தால் பெரிய தசைகள் எல்லாம் வந்துவிடும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, இரண்டு சுற்று, நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். 12 தடவையும் எளிதாக முடிந்தால் எடையைக் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்.

முழங்கால் முன்பக்கம் வலித்தால் ஸ்குவாட்டில் இறங்கும் ஆழத்தைப் பாதியாக்குங்கள், இரண்டு வாரம் சைக்கிளுக்கு மாறுங்கள். சைக்கிள் உங்கள் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால், நடையின் அளவு உழைப்புக்கு மூச்சு வாங்கும் அளவு மிதிக்க வேண்டும், சும்மா கால் சுற்றினால் போதாது. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் நிமிடங்களை அவசரமாக ஏற்றியிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். முந்தைய வார அளவுக்கு இறங்கி, கெண்டைக்கால் தசையை நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு 30 விநாடி நீட்டிக்கொடுங்கள்.

ஸ்டாட்டின் எழுதினால் பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை, நிறுத்தவும் கூடாது. மிதமான அளவு ஸ்டாட்டின் எல்டிஎல்லை 30 முதல் 49 சதவீதம் வரை இறக்கும். எந்த நடையாலும் அது முடியாது. மாறாக நடை தரும் ரத்த அழுத்தக் குறைவும், இன்சுலின் நன்றாக வேலை செய்வதும், இதயத்தின் தாங்கும் சக்தியும் மாத்திரையில் கிடைக்காது. ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்று யாரும் தாங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

வலியைப் பிரித்தறிவது முக்கியம். புதுப் பயிற்சியால் வரும் வலி அன்று உழைத்த தசையில் மட்டும் இருக்கும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் நான்கைந்து நாளில் மறையும். ஸ்டாட்டின் வலி பெரும்பாலும் இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு கெண்டைக்காலிலும் ஒரே மாதிரி வரும், ஓய்வெடுத்த வாரத்திலும் போகாது. மாத்திரை தொடங்கும் வாரத்தில் புதுப் பயிற்சி எதையும் தொடங்காமல், எடையையும் கூட்டாமல் இருந்தால் குழப்பமே வராது. அதேபோல் டாக்டர் சி.கே. டெஸ்ட் (தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் நொதியின் அளவு) எழுதினால், அதற்கு முந்தைய சில நாள் எடைப் பயிற்சியை விட்டுவிடுங்கள். கடும் பயிற்சியே அந்த அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும், மாத்திரைமேல் பழி விழும். தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

---

நாடித்துடிப்பு:
ஒரு விஷயம் விட்டுப்போனது. அப்பா அல்லது சகோதரருக்கு 55 வயதுக்கு முன், அம்மா அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு ஏழாவது வாரத்து வேகப் பகுதியைத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஓய்வெடுத்தும் சில நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ்.

இதே கேள்வியோடு இந்தப் பக்கம் வருபவர்களுக்கும் ஒன்று: எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால், குறிப்பாகக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருந்தால், அது பரம்பரையாக வரும் வகையாக இருக்கலாம். அங்கே மூன்று மாதம் நடந்து பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மருந்து உடனே வேண்டும், வீட்டிலுள்ள மற்றவர்களும் டெஸ்ட் எடுக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 500-க்கு மேல் இருந்தாலும் முதலில் டாக்டர்தான், கணையம் வீங்கும் ஆபத்து உண்டு.

---

புதுநடை:
குடும்பத்தில் அப்படி யாருக்கும் இல்லை. நாளைக்கு 20 நிமிடத்தில் தொடங்குகிறேன். 13-ஆவது வாரம் இரண்டு ரிப்போர்ட்டின் சராசரியோடு இங்கேயே எண்களைப் போடுகிறேன்.

---

சோதனைக்குழாய்:
போடுங்கள். கடைசி நடை எத்தனை மணிக்கு முடிந்தது, எடை எத்தனை கிலோ, இரண்டையும் எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.